அக்கரையிலிருந்து வந்த கடிதம்

அலமேலுவுக்கு முதலில் வந்தது கோபம்தான். பின்னே வராதா? பர்மாச் சண்டைக்குப் போய் ஒரு வருஷமாகியும் சேதுபதி பெண்டாட்டிக்கு ஒரு வரி போடவில்லை. இப்போது காஜா பேராங் கிராமத்துப் பூங்காவனம் கொண்டுவந்து நீட்டுகிற கடிதம் முழுக்க அவன் கையெழுத்து!

பூங்காவனம் மலாக்காச் செட்டி குடும்பத்துக்காரி. பெயரும் சாமியும் தமிழ், பேச்சு மலாய். ஒரே மகன் தெய்வநாயகத்துக்கும் தமிழ் வராது. எந்த எழுத்தும் தெரியாது. ஜப்பான்காரன் வந்த பிறகு அவனும் சேதுபதியும் ஒரே லாரியில் ஏறித்தான் இந்திய தேசிய ராணுவத்துக்குப் போனார்கள். நாயகம் மலாயில் சொல்லச் சொல்ல, சேதுபதி தமிழில் எழுதியிருக்கிறான். காயம்பட்டுத் திரும்பிய ஒருவன் அதைப் பூங்காவனத்திடம் சேர்த்தான். படித்துச் சொல்ல ஆள் வேண்டுமே என்று அவள் தெங்கேராவில் இருந்த அலமேலு வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டாள்.

ஊரார் வீட்டுக்கு எழுத மட்டும் கை வந்ததாக்கும் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே அலமேலு படித்தாள். படித்ததை மலாயில் சொன்னாள்.

முன்பக்கத்தில் நாயகமே வந்து உட்கார்ந்து பேசினான். அம்மாவைக் கூப்பிடும் 'மாக்' என்ற சொல்லைச் சேதுபதி அப்படியே விட்டிருந்தான். மாக், மழை விடவே இல்லை. பின்வாங்குகிறோம். நாளைக்குச் சிந்த்வின் ஆற்றைக் கடக்க வேண்டும். படகு போதாது, மூங்கில் தெப்பம்தான். எனக்குக் கிணற்றுத் தண்ணீரைக் கண்டாலே நடுக்கம், மாக்குக்குத் தெரியாதா? சேதுபதி அண்ணன் அவர் இடுப்பு வாரைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார். மாக் இடிக்கிற சம்பால் பெலாச்சான் துவையலை நினைத்தால் இங்கேயே நாக்கு ஊறுகிறது.

தின்னிப் பயல் என்று பூங்காவனம் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

அலமேலு தாளைத் திருப்பினாள். பின்பக்கம் ஆற்றைக் கடந்த பிறகு எழுதியது. கையெழுத்து அதேதான். அப்படியென்றால் சேதுபதி கரையேறிவிட்டான்! வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது அவளுக்கு.

"அன்புள்ள அம்மாவுக்கு, நலம். நடு ஆற்றில் தெப்பம் உடைந்துவிட்டது. நான் நீந்தியே அக்கரை சேர்ந்தேன். சின்ன வயசில் தெங்கேராக் கடலில் நீந்தியது கைகொடுத்தது. கவலைப்படாதீர்கள்."

அலமேலு அதை மனசுக்குள் மறுபடி படித்தாள். ஒரு 'மாக்' கூட இல்லை. தெங்கேராக் கடலில் நீந்தி வளர்ந்தவன் யார்? அவள் புருஷன் அல்லவா! சொல்கிறவன் ஆற்றோடு போய்விட்டான். பெற்றவள் மனசு உடையக்கூடாது என்று அந்த மடையன் நாயகமாகவே உட்கார்ந்து மிச்சத்தை எழுதியிருக்கிறான். ஒழுங்காகப் பொய் சொல்லக்கூடத் தெரியாத மனுஷன். சற்றுமுன் தான் சந்தோஷப்பட்டதை நினைத்து அலமேலு கூசிப்போனாள்.

தெங்கேராவை விழுங்கிவிட்டு மற்றதை மலாயில் சொன்னாள். பூங்காவனத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. கிணற்றடிக்கே வராத பிள்ளை ஆற்றை நீந்தினானாமே, சண்டை எதைத்தான் கற்றுக்கொடுக்காது என்று பூரித்தாள். கையோடு பதில் எழுதச் சொன்னாள். மழையில் நனையாதே, கிடைத்ததைச் சாப்பிடு என்று அவள் சொல்லச் சொல்ல அலமேலுவும் எழுதினாள். கடைசியாகப் பூங்காவனம் ஒன்று சொன்னாள்:

"சேதுபதி கையை விட்டுடாதேன்னு எழுது. ரெண்டு பேரும் சேர்ந்தே வந்து சேரணும். அவனுக்கும் இங்கே ஒருத்தி காத்துக்கிட்டிருக்கா."

பென்சில் நகரவில்லை. இதைப் படிக்கப்போகிறவன் சேதுபதி. அவன் மறுபடியும் நாயகமாகப் பதில் போடுவான், இவள் மறுபடியும் படித்துக் காட்டுவாள். புருஷனும் பெண்டாட்டியுமாக எத்தனை நாளைக்குச் செத்தவனைப் பேசவைப்பது? பெற்றவள் அழவேண்டிய அழுகையைத் தடுக்க இவர்கள் யார்?

"மாக்," என்றாள் அலமேலு. "பின்பக்கம் நாயகம் சொன்னதில்லை. என் வீட்டுக்காரர் தானா எழுதினது. தெங்கேராக் கடல்ல நீந்தினேன்னு இருக்கு. அதை நான் உங்ககிட்டே சொல்லாம விட்டுட்டேன்."

பூங்காவனம், உன் புருஷன் கரை சேர்ந்தானா என்று மட்டும் கேட்டாள். அலமேலு தலைநிமிராமல் ஆமென்றாள். நல்லது என்று பூங்காவனம் அவள் தலையைத் தடவினாள். பிறகு கடிதத்தை எடுத்து, முன்பக்கம் தெரியும்படி திருப்பி, அவள் மடியில் வைத்தாள்.

"என் பிள்ளை பேசின பக்கத்தை மட்டும் இன்னொரு தரம் படி."