மறு கன்னம்

...நைலான் என்றால் பாவமில்லை, குதிரை என்றால் அரைப் பாவம், பன்றி என்றால் முழுப் பாவம், நைனாவுக்கு வாய் நேராக இருந்தால் இப்படித்தான் தீர்ப்புச் சொல்லியிருப்பார், இப்போது அந்த வாய் கோணிக்கொண்டு வலது பக்கம் எச்சில் ஒழுகுகிறது, அதனால் அவருக்கும் சேர்த்து மாலினியே சொல்லிக்கொண்டாள். மேஜையில் விரித்த செய்தித்தாளின் மேல் மூன்று கொத்து முடி நின்றது, நேற்று கூரியரில் வந்தவை, பார்த்தால் மூன்றும் குட்டிக் குட்டித் துடைப்பங்கள். பக்கத்தில் நைனாவின் ஷேவிங் பிரஷ், பிரஷ் என்றா சொல்வது, தந்த நிறத்தில் வெறும் பிடி, கல்யாணமான வருஷம் பாண்டிச்சேரியில் வாங்கினாராம், ஐம்பது வருஷத்துக்கு மேல் உழைத்து இந்தத் தை மாதம் முடி மொத்தமும் கொட்டிவிட்டது. அம்மாவின் புடவை ஒன்றுகூட இந்த வீட்டில் மிச்சமில்லை, பிரஷ் மட்டும் இருக்கிறது. டப்பா நுரையைப் பூசினால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறார், நன்றாக இருக்கிற இடது கையால் கிண்ணத்தைத் தட்டிவிடுகிறார், பக்கவாதம் வந்தும் அந்தக் கைக்குத் திமிர் அடங்கவில்லை. சரி, உன் பிரஷ்ஷையே சரிசெய்து தருகிறேன் என்று உட்கார்ந்தாள். எதிர்வீட்டு ரஞ்சிதம் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "பெத்தா இப்பிடி ஒரு பொண்ணப் பெக்கணும்டி" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். பெறத்தான் வேண்டும்.

குழிக்குள் இறுகிக் கிடந்த பழைய அடிக்கட்டையை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்தாள், ஒட்டிக்கொண்டிருந்த ஏழெட்டு முடிகள் பேப்பரில் விழுந்தன, ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நுனி இரண்டாகப் பிளந்திருந்தது, எல்லாவற்றிலும் அப்படியே, கிழட்டு முடி, ஃபூ என்று ஊதிவிட்டாள். எதை வைப்பது... எல்லாம் ஃபோனில் படித்தாகிவிட்டது. நைலான் மெஷினில் செய்வது, எந்த உயிருக்கும் நோகாது. குதிரை முடி வாலில் கத்தரித்து எடுப்பது, குதிரை பாட்டுக்குப் புல் மேயும். பன்றி மட்டும் செத்த பிறகுதான் கொடுக்கும், புதிதில் முள்ளாகக் குத்துமாம், வருஷக்கணக்காகப் பழகினால் மெத்தென்று ஆகுமாம், அத்தனை வருஷம் இங்கே யார் இருக்கப்போகிறார்கள். அதைத்தான் முதலில் ஆர்டர் போட்டாள், மற்ற இரண்டும் ஒப்புக்கு. நைனா என்றால் யார், மேல்சித்தாமூர் மடத்துக்கு வருஷம் தவறாமல் போய்வந்த ஹெட்மாஸ்டர் அப்பாண்டைராஜன், வடிகட்டாத தண்ணீரைக் குடிக்காத சமணர், எறும்பைக்கூட ஊதி நகர்த்திவிட்டுத்தான் உட்காருவார், மகளை ஸ்கேலால் அடிப்பது மட்டும் எதிலும் சேராது போலிருக்கிறது. சூரியன் ராஜகிரி மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டால் பச்சைத் தண்ணீர்கூடத் தொட மாட்டார். போன மாதம் ஒருநாள் வேண்டுமென்றே கஞ்சியைப் பத்து நிமிஷம் தாமதமாகக் கொண்டுபோனாள், ஜன்னலைப் பார்த்தார், வாயை இறுக்கி மூடிக்கொண்டார், அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து அந்தக் கஞ்சியை ஊறுகாயோடு அவளே குடித்தாள், அன்றைக்கு நல்ல பசி. ராத்திரி முழுக்க அவர் வயிறு கத்தியது கேட்டது. வருத்தப்பட்டாளா? இல்லை, தூங்கிவிட்டாள்.

பன்றிதான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது, பசையின் இரண்டு டியூபையும் பிதுக்கித் தீக்குச்சியால் குழைத்தாள், கால் மணியில் பிடித்துவிடும் என்று பிரிட்டோதான் நேற்றுச் சொன்னான், திருவண்ணாமலை ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறானே அதே பிரிட்டோ. "இன்னாக்கா வேணும்?" அக்கா! அவளைவிட ஒரு வயசு மூத்தவன். கல்லாவில் அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள், அதற்காகச் சொன்னானா, இல்லை நிஜமாகவே அடையாளம் தெரியவில்லையா, எது பரவாயில்லை என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தாள், இரண்டில் எதுவும் பரவாயில்லை என்று தோன்றவில்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே வீட்டுக் கூடத்தில் வெள்ளைச் சட்டை போட்டுப் பெண் கேட்டு வந்து நின்றவன். நைனா அப்போது ஷேவிங்கில் இருந்தார், முகமெல்லாம் நுரை, கையில் பிரஷ், திரும்பக்கூட இல்லை, கண்ணாடியில் தெரிந்த பிரிட்டோவிடம்தான் பேசினார், "பன்னி தின்ற வாயால எம் பொண்ணு பேரச் சொல்லாத." அவன் கெஞ்சினான், "இனிமே கறியே தொட மாட்டேன் சார், சத்தியமா சார்." நைனா பிரஷ்ஷைக் கிண்ணத்தில் இரண்டு தட்டுத் தட்டி, "ஒடம்புல ஊறிப்போனது சோப்புப் போட்டா போவுமா?" என்றார், நிதானமாக மறு கன்னத்தில் நுரை போட ஆரம்பித்தார். மாலினி கதவுக்குப் பின்னால் நின்றாள், நின்றாள், வெளியே வரவில்லை, அந்தக் கோபமும் நைனா மேல்தான் திரும்புகிறது, வேறு எங்கே போகும். அதற்கப்புறம் சொந்த ஜனத்திலேயே ஆறு பேர் வந்து பெண் பார்த்தார்கள், ஒருத்தனுக்கு வேலை சரியில்லை, ஒருத்தனுக்குப் பல் சரியில்லை, ஆறாவது ஆளிடம் என்ன குறை கண்டார் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது, அம்மா கேட்டதற்குத் தட்டை வீசினார், அவ்வளவுதான்.

பசை பிடித்துவிட்டது, இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. வெந்நீரில் ஊறவைத்து உள்ளங்கையில் தேய்த்தால் நன்றாகவே குத்தியது, சந்தோஷமாக இருந்தது. தலையணையை நிமிர்த்தி நைனாவை உட்காரவைத்து, துண்டைக் கழுத்தில் கட்டினாள், சோப்பைக் குழைத்தாள், உணர்ச்சி இருக்கிற இடது கன்னத்தில்தான் முதலில் வைத்தாள், வைத்து அழுத்தினாள், சுற்றிச் சுற்றி அழுத்தினாள், வயசான தோல் காகிதம் மாதிரி நகர்ந்தது, நுரைக்கு அடியில் சிவந்திருக்கும். சுளிக்கட்டும், இடது கையைத் தூக்கட்டும், அப்போது சொல்லலாம்... அவர் சுளிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார், தொண்டைக்குள் ம்ம் என்று ஒரு சத்தம், பழைய காலத்தில் காலை ஏழு மணிக்குக் கூடத்திலிருந்து கேட்குமே அதே ம்ம், சுகமாக இருக்கிறதாம்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காதருகே குனிந்தாள், பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள், "நைனா, இது பன்னி முடி." காத்திருந்தாள். இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தானே பத்து நாள் பாடு. கோணிய உதடு அசைந்தது, நுரை உள்ளே போனது, துப்பவில்லை. "முன்ன... இருந்ததும்... அதான்." இருந்ததும் என்றால்? "தெரிஞ்சேவா நைனா?" என்றாள். "தெரியும்." அந்த ஒரு சொல் மட்டும் கோணாமல், ஹெட்மாஸ்டர் குரலில் வந்தது.

நுனி பிளந்த முடிகள், ஆமாம், ஊதிவிட்டாளே, பன்றி முடிதான் நாளாக நாளாக நுனி பிளந்து மெத்தென்று ஆகும் என்று அந்த ஃபோனிலேயே போட்டிருந்தது, படித்தும் உறைக்கவில்லை. அப்படியானால் அன்றைக்கு, கையில் பன்றி முடியையும் முகத்தில் அதன் நுரையையும் வைத்துக்கொண்டுதான்... அப்படியானால் பன்றி இல்லை, பன்றி ஒரு காரணமே இல்லை, ஆறாவது ஆளும் சமணன்தானே, இருட்டுவதற்குள் சாப்பிடுகிறவன்தானே, அவனையும் ஏன்... வேறு என்ன வேண்டியிருந்தது இவருக்கு? பொழுது சாய்வதற்குள் கஞ்சி வேண்டியிருந்தது. துண்டு கட்ட ஒரு கை வேண்டியிருந்தது. அவ்வளவுதானா, அவ்வளவுக்கா? "அப்ப பிரிட்டோவ ஏன் நைனா..." கேட்டாளா, கேட்க நினைத்தாளா, அவளுக்கே தெரியவில்லை. நைனா கண்ணைத் திறந்து கிண்ணத்தைப் பார்த்தார். "தண்ணி... ஆறிடுச்சி" என்றார், மறுபடி கண்ணை மூடி, மெல்ல மறு கன்னத்தைத் திருப்பிக் காட்டினார், அது உணர்ச்சியில்லாத கன்னம், எவ்வளவு அழுத்தினாலும் அங்கே ஒன்றும் தெரியாது. மாலினி எழுந்துபோய் வெந்நீர் கொண்டுவந்தாள்.