உரிமையாளர் பெயர்

இந்தப் பக்கத்தைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை என்று திரை சொல்கிறது, நானே கட்டிய பக்கம், உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி இணையத்தில் எது கண்ணில் பட்டாலும், பழைய அரசாங்க அறிக்கையோ யாரோ எடுத்த பேட்டியோ, அந்த லிங்கைச் சேமித்து, டேக் போட்டு, கீழே என் குறிப்பை எழுதி, நாலு பேருக்குப் பயன்படட்டும் என்று பொதுவில் வைத்த ஆறு வருஷ ஆராய்ச்சி, திரும்பத் திரும்பத் தட்டுகிறேன், அதே வரி, பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு.

என்னைத்தான் சொல்ல வேண்டும், இந்தப் பக்கத்துக்காகக் குரூப் தொடங்கிய அன்று உரிமையாளர் யார் என்று தளம் கேட்டபோது கை தானாகவே என் பிஎச்.டி. கைடு பெயரை அடித்தது, பேராசிரியர் ஞானதுரை, கட்டுரையானாலும் கருத்தரங்க பேனரானாலும் கைடு பெயர் முன்னால், மாணவி பெயர் பின்னால், அப்படியே பழகிய கை, எனக்கு இதெல்லாம் புரியாதும்மா, நீயே பாத்துக்கோ என்று சிரித்தார், கனவிலும் சிரிக்கிறார், சிரித்தபடியே என் பாத்திகளில் இறங்கி உப்பை வாரிக்கொண்டு போகிறார், கத்துகிறேன், குரல் வரவில்லை, விழித்தால் போன மாத ஆய்விதழில் என் குறிப்புகள், வரி மாறாமல், அவர் பெயரில், என் தீசிஸைச் சோதித்த மென்பொருளோ நாற்பத்தொரு சதவீதம் அவரிடமிருந்து எடுத்தது என்கிறது, நான் அவரிடமிருந்து, திருத்தி எழுதும்மா, இல்லாட்டி உன் பதிவையே ரத்து பண்ணிருவாங்க என்று அவரே அறிவுரை சொல்கிறார், அன்று மாலையே பக்கத்தைப் பொதுவிலிருந்து மறைத்து, என்னைக் குரூப்பிலிருந்து நீக்கவும் செய்தார், இதெல்லாம் புரியாத மனுஷன்.

நான் பாடம் எடுக்கும் கல்லூரியில் ரெக்ஸிலின் என்ற மூன்றாமாண்டுப் பெண்தான் வராண்டாவில் நிறுத்திச் சொன்னாள், மேம், நீங்கதான அசைன்மெண்டுக்காக உங்க குறிப்பையெல்லாம் அவங்கவங்க கணக்குல சேமிச்சு வைக்கச் சொன்னீங்க, முப்பத்தெட்டு பேர்ட்டயும் இருக்கு, உங்க பேரோட, நீங்க எழுதின தேதியோட, பிரிண்ட் எடுத்துத் தரட்டுமா, அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை, இன்னும் கோபம்தான் வந்தது, பாடத்துக்காகச் செய்த வேலை சாட்சிக்கு வர வேண்டியிருக்கிறதே என்று.

அந்த பிரிண்ட் கட்டோடும் புகார் மனுவோடும் பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போனேன், கைடு கையெழுத்து இல்லாம ஆராய்ச்சி மாணவர் மனு எதையும் வாங்க முடியாதும்மா என்றார் கிளார்க், புகாரே கைடு மேலதான் சார் என்றேன், அதுவும் அவர் வழியாத்தான் வரணும், விதி அப்படி, என்று குனிந்துகொண்டார், சிரிப்பதா கத்துவதா என்று தெரியாமல் படியேறுகிறேன், கைடு அறை, உட்காரும்மா என்கிறார், உட்காரவில்லை, மனுவை மேசையில் வைக்கிறேன், முதல் வரியிலேயே முகம் மாறி நிமிர்ந்தார், என்னம்மா இது, உன்னை என் மக மாதிரிதான நெனச்சேன், பேனாவைத் திறந்து அவர் பக்கம் நீட்டினேன், முழுசாப் படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க சார், இதையும் நான்தான் எழுதினேன்.