பன்னிரண்டாவது கையெழுத்து

வங்கியில் முப்பத்து நான்கு வருஷம், காசோலையில் உள்ள கையெழுத்தையும் மாதிரி அட்டையில் உள்ள கையெழுத்தையும் ஒத்துப் பார்த்தே கண்ணைத் தேய்த்தவர் அவர். ஓய்வு பெற்று ஒன்பது வருஷமாகியும் முதியோர் மன்றத்தில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்றுதான் பெயர். பெற்ற தாயே கையெழுத்துப் போட்டாலும் இரண்டு தடவை பார்ப்பார் என்பார்கள்.

மன்றம் நடக்கும் கூடம் நகராட்சியுடையது. காலை உடற்பயிற்சிக்குத் தினமும் பன்னிரண்டு பேராவது வந்து கையெழுத்திட வேண்டும். ஒன்று குறைந்தாலும் கூடத்துக்குப் பூட்டு. அவர் காலையில் போவதில்லை. “இந்த வயசுல வாத்து மாதிரி கையை அடிச்சுக்கணுமா?” என்பார். மாலையில் கேரம் மட்டும்தான். ஜோடி, பால்ய சிநேகிதரான போஸ்ட்மாஸ்டர்.

அந்தப் போஸ்ட்மாஸ்டர் மூன்று வாரமாக மாலையில் தலைகாட்டவில்லை. போன் செய்தால், “அதான் காலையில வர்றேனே, போதும்யா” என்று சட்டென வைத்துவிடுகிறார்.

பூதக்கண்ணாடி வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். போஸ்ட்மாஸ்டர் கையெழுத்து வலப்பக்கம் சாய்ந்து, கடைசியில் ஒரு சுழியோடு கம்பீரமாக நிற்கும். மூன்று வாரமாக அந்த இடத்தில் இருப்பதோ நண்டு ஊர்ந்த தடம். கையெழுத்துகளை எண்ணிப் பார்த்தார்: எல்லா நாளும் சரியாகப் பன்னிரண்டு. ஆள் வராமலே ஆஜரா? யாருக்கு இதில் லாபம்? பதிவேடு செயலாளர் டீச்சரம்மாவின் பொறுப்பு. ‘என் உசுரு இருக்கிற வரைக்கும் இந்தக் கூடத்தை மூட விடமாட்டேன்’ என்று சபதம் போட்டவரும் அவர்தான்.

“டீச்சர், போஸ்ட்மாஸ்டர் காலையில வர்றாரா?”

“தவறாம வர்றாரு சார். நீங்களும்தான் வாங்களேன்.”

“கையெழுத்து ஒரு தினுசா இருக்கே?”

டீச்சரம்மா பதிவேட்டைப் பட்டென்று மூடினார். “வயசானா எல்லாமே ஒரு தினுசுதான் சார்.”

மடியில் கனம் இல்லாவிட்டால் வழியில் பயம் எதற்கு? வீட்டுக்குப் போனதும் பூதக்கண்ணாடி நகராட்சிக்குக் கடிதம் எழுதினார். பொருள், விவரம், இணைப்பு எல்லாம் முறைப்படி. நாலாம் நாள் அலுவலர் போனில் வந்தார். “நாளைக்குக் காலையில ஆறரைக்கு வர்றேன். நீங்களும் இருங்க.”

மறுநாள் பூதக்கண்ணாடி ஆறு மணிக்கே போய்க் கூடத்து ஜன்னலோரம் ஒட்டி நின்றார். உள்ளே போஸ்ட்மாஸ்டர் இருந்தார்! வலது கை துவண்டு மடியில் கிடந்தது. இடது கையால் பேனாவைக் கடப்பாரை போலப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, எழுதிக்கொண்டிருந்தார். டீச்சரம்மா பதிவேடு நகராமல் அழுத்திப் பிடித்திருந்தார். “சாய்க்காதீங்க, நேரா இழுங்க. நேத்தைக்கு இது தேவலை.” சுற்றி நின்ற மற்றவர்கள் யாரும் வியப்பாகப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாதது தனக்கு மட்டும்.

பூதக்கண்ணாடி விறுவிறுவென்று உள்ளே போனார்.

“என்கிட்ட ஏன்யா மறைச்சே?”

“உன்கிட்ட சொன்னா ஊருக்கே நோட்டீஸ் ஒட்டின மாதிரி. கை விளங்கலைன்னு என் பொண்ணுக்குத் தெரிஞ்சா, என்னைத் தன் ஊருக்குக் கூட்டிட்டுப் போயி, அஞ்சாவது மாடி வீட்டுல உக்கார வெச்சிடுவா. கேரத்துக்கு வந்தா, முதல் அடியிலேயே நீ கண்டுபிடிச்சிருப்பே.”

பதில் சொல்லுமுன் அலுவலர் வந்துவிட்டார். கையில் கடிதம். “சார், இது அவர் கையெழுத்து இல்லைன்னு எழுதியிருக்கீங்க. இப்பவும் அதைத்தானே சொல்றீங்க?”

பூதக்கண்ணாடி வேலையில் இருந்தவரை ஒவ்வாத கையெழுத்தை ஒவ்வும் என்று சொன்னதில்லை. தொண்டையைச் செருமினார்.

“பழைய கையெழுத்தோட ஒத்துப்போகலை சார். ஆனா கை மாறினா ஆளா மாறிடுவான்? ஆளை எதிர்ல உக்கார வெச்சு, அட்டைக்குப் புது மாதிரிக் கையெழுத்து வாங்கிக்கணும். வங்கியில அதான் முறை. நான் அதைக் கேக்காம நேரா புகார் எழுதிட்டேன். தப்பு என்னுது.”

போஸ்ட்மாஸ்டர் அலுவலர் முன்னால் இடது கையால் மூன்று முறை கையெழுத்திட்டார். மூன்றும் மூன்று விதமாக நடுங்கின. ‘என் முன்னிலையில் இட்டது’ என்று பூதக்கண்ணாடி அடியில் எழுதிக் கொடுத்தார்.

“கை இப்படி இருக்கே, வீட்டுல தெரியுமா?” என்றார் அலுவலர்.

“அந்தக் கேள்வி உங்க படிவத்துல இல்லையே சார்,” என்றார் பூதக்கண்ணாடி.

அலுவலர் போனதும், பூதக்கண்ணாடி கேரம் பலகையை இழுத்துப் போட்டு, போஸ்ட்மாஸ்டருக்கு எதிரே உட்காரப் போனார். போஸ்ட்மாஸ்டர் பலகைப் பக்கம் திரும்பவில்லை. கண்ணைச் சுருக்கி அவரையே பார்த்தார்.

“நகராட்சிக்கு எழுதினவன், என் பொண்ணுக்கும் எழுதிட்டியா?”

“சத்தியமா இல்லைய்யா.”

“இனிமே?”

“எழுத மாட்டேன்.”

“உன் வாய் வார்த்தையை நான் நம்பணுமாக்கும்?” போஸ்ட்மாஸ்டர் டீச்சரம்மா பக்கம் திரும்பினார். “டீச்சர், ஒரு வெள்ளைத்தாள் குடுங்க. ஐயா எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அப்புறம் ஆடலாம்.”

மன்றம் முழுக்கச் சிரித்தது. போஸ்ட்மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. பூதக்கண்ணாடி பேனாவின் மூடியைத் திறந்தார்.