டேட்டா போகாத கேபிள்

ராஜேஷ்குமார் நல்லவன் என்று சத்தியம் செய்ய ஜோகுபாளையத்தில் நாலு பேர் கிடைப்பார்கள். கிடைக்கட்டும். அந்த நாலு பேரும் போன வியாழக்கிழமை காலை அவனுடைய ஆபீஸில் உட்கார்ந்திருக்க வேண்டும், அப்புறம் பேசட்டும்.

அப்பார்ட்மெண்ட்டுகளில் தொட்டி நிரம்பியதும் தண்ணீர் மோட்டாரை நிறுத்தும் கருவி செய்கிற சின்னக் கம்பெனி அது. ஒரு மாடி, ஒரே ஹால், பன்னிரண்டு பேர். ராஜேஷ்குமார்தான் சீனியர். கருவியின் உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு போர்டு இருக்கும். அந்தப் போர்டை ஆட்டிவைக்கிற புரோகிராமுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். யூ.எஸ்.பி. கேபிளால் போர்டைக் கம்ப்யூட்டரோடு இணைத்து, பழைய ஃபர்ம்வேரை அழித்துப் புதியதை ஏற்ற வேண்டும். தெரிந்த கைக்குக் கால் மணி நேர வேலை.

புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வேலையாக இதைத்தான் கொடுப்பார்கள். ஆனால் கொடுக்கிற கேபிள் இருக்கிறதே, அதில் சார்ஜ் மட்டும்தான் ஏறும், டேட்டா போகாது. போர்டில் சிவப்பு விளக்கு ஜம்மென்று எரியும். கம்ப்யூட்டருக்கோ அப்படி ஒரு போர்டு உலகத்தில் இருப்பதே தெரியாது. புது ஆள் டிரைவர் சாஃப்ட்வேரைப் போடுவார், எடுப்பார், கம்ப்யூட்டரை அணைத்து எழுப்புவார், ஏசியில் உட்கார்ந்து வியர்ப்பார். பதினோரு மணி டீ வரும்போது எல்லோரும் கைகொட்டிச் சிரித்து உண்மையைச் சொல்வார்கள். இதற்கென்றே அன்றைக்கு நல்ல கேபிள்களையெல்லாம் ராஜேஷ்குமார் தன் டிராயரில் பூட்டிவிடுவான். தட்டில் மிச்சம் கிடக்கிற மூன்றும் ஒரே ரகம். தாங்களே ஏமாந்துவிடக் கூடாதே என்று, கூட வேலை பார்க்கிற பிரேசர் டவுன் சோஃபியா அவற்றில் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்திருந்தாள். என்ன ஒரு முன்யோசனை பாருங்கள்!

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு பெண் இந்தக் கூத்தில் அழுதுகொண்டே எழுந்து போய்விட்டாள். முதலாளி பாமா மேடத்தின் காதுக்கு விஷயம் போயிற்று. "இன்னொரு தடவை இது நடந்தா, நடத்தினவன் அன்னிக்கே பையை எடுத்துட்டுக் கிளம்பலாம்" என்று நடு ஹாலில் நின்று சத்தம் போட்டார். ஆனால் மேடம் வாரத்தில் ஐந்து நாள் ஆனேக்கல் யூனிட்டில் இருப்பார். இங்கே யார் கேட்பது?

வியாழக்கிழமை வந்தவள் தமயந்தி. முப்பத்தேழு வயது. கல்யாணத்துக்கு முன்னால் நாலு வருஷம் இதே மாதிரிப் போர்டுகளோடு மல்லுக்கட்டியவள், ஒன்பது வருஷமாக வேலையில் இல்லை. ஒரு நாள் ட்ரையல் கொடுத்திருந்தார்கள். உட்கார்ந்ததும் ராஜேஷ்குமார் தந்த செய்முறைத் தாளை இரண்டு முறை படித்தாள்.

"சார், ஒரு டவுட். புது ஃபர்ம்வேருக்குப் பூட்லோடரும் புதுசா இருக்கணும்ல? போர்டு ஆன் ஆனதும் முதல்ல ஓடுறது அதுதானே. இதுல இருக்கிறது பழசு. ஷீட்ல அந்த ஸ்டெப்பே இல்லையே?"

தாளை எழுதியவன் ராஜேஷ்குமார். விட்டுப்போயிருந்தது உண்மைதான். பக்கத்து மேஜையில் சோஃபியா களுக்கென்று சிரித்தாள். வந்து பத்து நிமிஷம் ஆகாத பொம்பளை மூக்கை உடைத்துவிட்டாளே என்று அவனுக்குக் காது மடல் சுட்டது.

"ஆமாங்க, சேர்த்துக்கோங்க" என்றான். "கேபிள் அந்தத் தட்டுல இருக்கு."

மாட்டினாள். விளக்கு எரிந்தது. பூட் பட்டனை அழுத்திப் பிடித்து, ரீசெட்டைத் தட்டினாள். திரையில் ஒன்றும் வரவில்லை. இன்னொரு முறை செய்தாள். அப்புறம் டிரைவர், அப்புறம் வேறு கம்ப்யூட்டர். சோஃபியா காபி கொண்டுவந்து வைத்து, எந்த ஊர் என்று விசாரித்தாள்.

"கிருஷ்ணகிரி. ஒரு மாசமா ஆனேக்கல்ல தங்கச்சி வீட்ல இருக்கேன், பொண்ணோட. இந்த வேலை கிடைச்சா இங்கயே ஸ்கூல்ல சேர்த்துடுவேன். இல்லைன்னா ஞாயித்துக்கிழமை வீட்டுக்காரரு வந்து கூட்டிட்டுப் போயிடுவாரு." கேபிளைப் பிடுங்கி மறுபடியும் மாட்டினாள். "அந்த வீட்டுக்கு மட்டும் திரும்பப் போக முடியாதுங்க."

ஏன் என்று சோஃபியா கேட்கவில்லை. தமயந்தியின் புருவத்தில் நாலு தையல் போட்ட தழும்பு இருந்தது. இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்த ராஜேஷ்குமாரும் அதைப் பார்த்தான்.

பத்தேகாலுக்குத் தமயந்தி திரும்பினாள். "சார், கேபிள்ல ஏதாவது பிரச்சினை இருக்குமோ? டேட்டா லைனே வராத மாதிரி இருக்கு."

கண்டுபிடித்துவிட்டாள். இதற்கு முன் வந்த ஏழு பேரில் ஒருவருக்கும் தோன்றாதது இவளுக்குத் தோன்றிவிட்டது. அந்த இடத்திலேயே சிரித்து, கையைக் குலுக்கி, "பாஸ் ஆயிட்டீங்க" என்று சொல்லியிருக்கலாம். வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

"நேத்து வரைக்கும் நல்லா ஓடிட்டிருந்த கேபிள்ங்க அது. வேணும்னா மத்த ரெண்டையும் மாட்டிப் பாருங்க" என்றான். டீ வர இன்னும் நேரமிருந்தது. காலையில் மூக்கு உடைந்த வலியும் இருந்தது.

மற்ற இரண்டையும் மாட்டிப் பார்த்தாள். மூன்று கேபிளிலும் அதே கதை. "அப்போ கேபிள் இல்ல" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். தான் சரியாகப் பிடித்த ஒரே நூலையும் அந்த நிமிஷத்தில் விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அவள் கை தொட்டதெல்லாம் தப்பாயிற்று. பட்டன்களை மாற்றி அழுத்தினாள். தாளைக் கீழே போட்டாள். தெரிந்ததையே சந்தேகப்பட ஆரம்பித்தவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பத்தே முக்காலுக்குக் கதவு திறந்தது. பாமா மேடம்.

ராஜேஷ்குமார் டிராயர் பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தான். மேடம் நேராகத் தமயந்தியின் மேஜைக்கு வந்து, திரையைப் பார்த்து, போர்டைப் பார்த்தார். "இன்னும் கனெக்ட்டே ஆகலியா? ஒன்றரை மணி நேரமாச்சேம்மா."

"எல்லாம் பண்ணிட்டேன் மேடம். என்னன்னு தெரியல."

மேடத்துக்குப் போன் வந்தது. கன்னடத்தில் பேசிக்கொண்டே ஜன்னல் பக்கம் போனார். சோஃபியா குனிந்து கிசுகிசுத்தாள்: "போதும் மேன். நல்ல கேபிளை எடுத்துக் குடுத்துடு. பாவம்."

"குடுத்ததும் டக்குனு கனெக்ட் ஆகும். இவ்ளோ நேரம் ஏன் ஆகலன்னு மேடம் கேட்பாங்க. பாலிஷ் யாருதுன்னு சொல்லுவே?"

சோஃபியா தன் நகங்களைப் பார்த்தாள். அப்புறம் திரையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். டிராயர் சாவி ராஜேஷ்குமாரின் சட்டைப் பையில்தான் இருந்தது. போன் பேச்சு முழுசாக நாலு நிமிஷம் நடந்தது. அடப்பாவி, நாலு நிமிஷம்!

மேடம் திரும்பி வந்தார். "ராஜேஷ், நீ சொல்லு. பக்கத்துலயே இருந்தியே. இன்னொரு நாள் குடுத்துப் பார்க்கலாமா?"

இதைவிட லேசான வாசல் யாருக்குத் திறக்கும்? உண்மையைக்கூடச் சொல்ல வேண்டாம். "பார்க்கலாம் மேடம்" என்றால் போதும். மறுநாள் நல்ல கேபிளைத் தட்டில் போட்டுவிட்டால் கதை முடிந்தது. ஆனால் நாளைக்குக் கால் மணியில் முடித்துவிட்டு, நேற்று ஏன் முடியவில்லை என்று இவள் யோசிப்பாளே. யோசிக்கத் தெரிந்தவள். அதுதான் அவனுக்குப் பயம்.

"டச் சுத்தமா விட்டுப்போச்சு மேடம்" என்றான். "பேசிக்கே தடுமாறுது. சைட்டுக்கெல்லாம் இவங்களை அனுப்ப முடியாது."

மேடம் பெருமூச்சு விட்டார். "ஸாரிம்மா" என்று தமயந்தியின் தோளைத் தொட்டுவிட்டுத் தன் அறைக்குள் போனார். தமயந்தி கேபிள்கள் மூன்றையும் சிக்கெடுத்து, அழகாகச் சுற்றி, தட்டில் வைத்தாள். பையை எடுத்துக்கொண்டாள்.

டீ வருவதற்குள் கீழே ஒரு நடை போய் வரலாம் என்று ராஜேஷ்குமார் வெளியே வந்தபோது அவள் லிஃப்ட் பக்கத்தில் நின்று தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"இல்லடி, ஆகல... ஞாயித்துக்கிழமை வரைக்கும் எதுக்கு, இன்னிக்கே அவரை வரச் சொல்லிடு... அழாதடி. எனக்குக் கேபிள்லதான் கோளாறுன்னு அடிச்சுச் சொல்லத் தோணுச்சு. அதுவும் தப்பாப் போச்சு. அவரு என்னை ஒண்ணுக்கும் லாயக்கில்லைன்னு அடிக்கிறப்பல்லாம் கோவம் வரும். இன்னிக்குத்தான்டி புரிஞ்சுது, அவரு பொய் சொல்லல."

லிஃப்ட் வந்தது. அவன் கதவைப் பிடித்துக்கொண்டு அவளை முதலில் போகவிட்டான். உள்ளே போனவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"ரொம்ப தேங்க்ஸ் சார். என்னால உங்க காலை வேலையே கெட்டுப்போச்சு. ஒரு வார்த்தை கோவிச்சுக்காம பொறுமையா இருந்தீங்க."

"பரவால்லங்க" என்றான் ராஜேஷ்குமார்.