காலி வேனின் பாரம்

வண்டி விற்கும் ரூபன், குணாளன் ஓட்டிப் பார்ப்பதற்காக ஈப்போவிலிருந்து இரண்டு மின்சார வண்டிகளை மலைக்குக் கொண்டுவந்திருந்தான். ஒன்று சாமான் ஏற்றும் சின்ன வேன். முன்னால் இரண்டே இருக்கை, பின்னால் வெறும் தகரத் தரை. இன்னொன்று குடும்பத்தோடு போகிற எஸ்யூவி. குணாளனுக்குக் கிடைக்கும் பேங்க் கடன் ஒரு வண்டிக்குத்தான் போதும். எது என்று சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும்.

மலை மேலே கியா பார்ம் ஊரிலிருந்து காய்கறியைக் கீழே ரிங்லெட் கடைகளுக்குக் கொண்டுபோவது அவன் பிழைப்பு. பழைய லோரி படுத்துவிட்டது. வேன் என்றால் ஒரே நடையில் வேலை முடியும், எஸ்யூவி என்றால் இரண்டு நடை. ஆனால் அவன் மனைவி அன்பரசி விடுவதாக இல்லை.

"ரெண்டு பிள்ளைங்களும் மோட்டார்ல நனைஞ்சுகிட்டு ஸ்கூலுக்குப் போவுதுங்க. உங்க கோசுக்கு மட்டும் கூரை வேணுமோ? பெரிய காடிதான்லா எனக்கு."

காலை ஏழு மணிக்கு முதலில் வேன். குணாளன் ஓட்ட, ரூபன் பக்கத்தில் உட்கார்ந்தான். தேயிலைத் தோட்டத்துச் சாலை முழுக்கப் பனி. எஞ்சின் சத்தம் இல்லாததால் டயர் ஈரத்தில் உருளுவதுகூடக் கேட்டது.

"எறக்கத்துல கால எடுத்துருங்கண்ணே. வண்டியோட கனமே பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தும்" என்றான் ரூபன். "காலியா போனா ரிங்லெட்டுக்குள்ள மூணு பர்சண்ட் ஏறும். ஃபுல் லோடுன்னா ஆறு."

குணாளன் முன்பு ஒன்பது வருடம் தோட்டத்து லோரி ஓட்டியவன். காலி வண்டி ஓட்டுகிறவன், வேலைக்குப் போக நிற்கிறவர்களைப் பார்த்துவிட்டு ஏற்றாமல் போகக்கூடாது. தோட்டத்தில் அது யாரும் எழுதி வைக்காத சட்டம். தோட்டத்து ஆட்கள் குடியிருந்த பழைய லயத்துக்கு எதிரே இருந்த தகரக் கொட்டகை வந்ததும் அவன் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. இறங்கிப் பக்கக் கதவை இழுத்துத் திறந்தான்.

"ஏறுங்க, ஏறுங்க. நேரமாச்சு."

சொன்ன பிறகுதான் உறைத்தது. லயத்தை இடித்துப் பதினைந்து வருடமாகிறது. கொட்டகையில் ஆளே இல்லை.

"யாரண்ணே கூப்புடுறீங்க?"

"பழக்கம்லா" என்று சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினான்.

அடுத்த வளைவிலேயே ஸ்டியரிங் கனத்தது. வேன் பின்பக்கம் தாழ்ந்து, பாரம் ஏற்றியதுபோல ஆடி ஆடி இறங்கியது. ரிங்லெட் போய்ச் சேர்ந்தபோது ஆறு பர்சண்ட் ஏறியிருந்தது.

"மீட்டர் கோளாறா இருக்கும்ணே" என்றான் ரூபன்.

குணாளன் பின்கதவைத் திறந்து பார்த்தான். ஒன்றும் இல்லை. தகரத் தரை மட்டும் நனைந்திருந்தது. அப்போதுதான் பறித்த தேயிலைக் கொழுந்தின் வாசம் அடித்தது.

திரும்பி ஏறும்போது வேன் திணறியது. முன்பெல்லாம் ஆட்களை இறக்கிவிடும் தேயிலைக் காட்டு ஓரத்தில் நிறுத்தினான். ரூபன் போனில் பேசிக்கொண்டிருந்தான். குணாளன் கதவைத் திறந்து, மெதுவாக, "எறங்குங்க" என்றான்.

வேன் கதவுப் பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்து நிமிர்ந்தது. எண்ணினான். பன்னிரண்டு தடவை.

வீட்டுக்கு வந்ததும் அவன் மனம் மாறிவிட்டது. எஸ்யூவியே எடுத்துவிடலாம். இரண்டு நடை ஆனாலும் பரவாயில்லை. அதில் யாரையும் கூப்பிட்டு ஏற்ற வேண்டியதில்லை. அன்பரசியிடம் காரணம் சொல்லவில்லை.

மூன்று மணிக்கு அவளோடு எஸ்யூவியில் கிளம்பினான். ரூபன் பின்னால் இருந்தான். அன்பரசி இருக்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பனி மறுபடி இறங்கியிருந்தது.

"இந்தத் திரையப் பாருங்கக்கா. காடியச் சுத்தி ஆளு நின்னா கேமரா காட்டிக் குடுத்துரும்" என்றான் ரூபன்.

கொட்டகை நெருங்கியது. திரையில் சாம்பல் நிற உருவங்கள் தோன்றின, கொட்டகைக்கு முன்னால் வரிசையாக. கண்ணாடிக்கு வெளியே ஈரத் தகரம் மட்டும் தெரிந்தது.

"பனியில கேமரா கொழம்புது" என்ற ரூபனின் குரலில் தெம்பு இல்லை.

குணாளன் நிற்காமல் வேகத்தைக் கூட்டினான். உருவங்கள் திரும்பின. வண்டிக்குப் பின்னால் வரத் தொடங்கின. நாற்பதில் போனான், ஐம்பதில் போனான். இடைவெளி கூடவே இல்லை. வண்டி விடாமல் பீப் அடித்தது.

அன்பரசி அந்த லயத்தில் பிறந்தவள். திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலையில இவங்கள வேன்ல ஏத்துனீங்களா?"

குணாளன் தலையை ஆட்டினான்.

அவள் விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினாள். "பன்னண்டு பேரு. இதுல எங்க எடமிருக்கு?" பிறகு, "நிறுத்துங்க. வேனையே எடுங்க" என்றாள்.

"பிள்ளைங்க?"

"ரெயின்கோட்டு வாங்கிக்கலாம். ஒரு நாளு ஏத்திட்டு மறுநாளு உட்டுட்டுப் போனா, வீடு வரைக்கும் நடந்து வந்துருவாங்க."

குணாளன் ஓரமாக நிறுத்தினான். பின்னாலிருந்து ரூபன் புக்கிங் ஃபாரத்தை நீட்டினான். குணாளன் வேனுக்குக் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை, திரையில் அந்த உருவங்கள் வண்டிக்கு ஒரு கை தூரத்தில் அசையாமல் நின்றன.

"நாளைக்கு வேன் எத்தன மணிக்குண்ணே வேணும்?" ரூபன் திரையைப் பார்க்காமல் கேட்டான்.

அன்பரசிதான் பதில் சொன்னாள்.

"ஆறரைக்குக் கொண்டாந்துருங்க தம்பி. வேலைக்கு லேட்டாயிரக் கூடாது."