இரண்டு மீட்டர்கள்

மறுபடியும் தன் விரலைக் குத்தி ரத்தத்தைப் பட்டையில் வைத்தாள். சர்க்கரை மீட்டர் 104 காட்டியது. சற்று முன் 101.

"பழைய மீட்டர் அண்ணி. தூக்கிப் போடுங்க" என்றான் கொழுந்தன். கூடத்து மேஜையை நகர்த்தி இடம் பண்ணிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் உடலைக் கொண்டுவருகிறார்கள்.

பழுதில்லையே. காலையில் அவள் புருஷனுக்கு இதே மீட்டர் 388 காட்டியது. அரைமணியில் வந்த ஆம்புலன்ஸ்காரியின் மீட்டர் 22 காட்டியது. அவ்வளவு சீக்கிரம் சர்க்கரை அப்படி இறங்காதாம், அவளே சொன்னாள்.

வீட்டு முன்னறைதான் அவர்கள் ஜூஸ் கடை. "ஜூஸ்காரனுக்குச் சர்க்கரை வராம வேற யாருக்குடி வரும்?" என்று சிரிப்பார். இன்று இன்சுலின் போட்டுக்கொண்டு, சாப்பிடாமலே கடையில் நின்றுவிட்டார். திராட்சை பிழிந்துகொண்டிருந்தவருக்குத் திடீரென்று வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. பேச்சு குழறியது.

"அந்தக் கிளாஸைக் குடு..."

அவள் ஓடிப்போய் மீட்டரை எடுத்து வந்து, அங்கேயே அவர் விரலைக் குத்தினாள். எண்ணைப் பார்த்ததும் கிளாஸைப் பிடுங்கி அப்பால் வைத்தாள்.

"முன்னூத்தி எண்பத்தெட்டை வச்சுக்கிட்டு உங்களுக்கு ஜூஸ் கேக்குதா? பேசாமப் போய்ப் படுங்க."

பேசாமல்தான் போய்ப் படுத்தார். குறட்டை வேறு மாதிரி கேட்கவும் பயந்து போன் செய்தாள்.

வந்தவள் முதலில் ஈரப்பஞ்சால் அவர் விரலைத் துடைத்தாள். பஞ்சு ஊதாவாகியது. இன்னொரு பஞ்சால் துடைத்து, உலர்த்தி, அப்புறம்தான் குத்தினாள். 22.

"இப்ப ஜூஸ் ஊத்தட்டுமா?"

"வேணாம்மா. நினைவில்லாதப்போ வாயில ஊத்தினா மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். முழிச்சிருந்து முழுங்க முடியறப்போ குடுக்கணும். வேர்வை, நடுக்கம், குழறல்னா சர்க்கரை இறங்குதுன்னு அர்த்தம்." பேசியபடியே நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினாள். "என்ன வேலை பண்ணிக்கிட்டிருந்தார்?"

"திராட்சை பிழிஞ்சுக்கிட்டிருந்தார்."

ஆம்புலன்ஸ்காரி அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு ஸ்ட்ரெச்சரை இழுத்தாள். அவருக்கு ஏற்கெனவே பலவீனமான இதயம். ஆஸ்பத்திரி சேருமுன் வண்டியிலேயே அது நின்றுவிட்டது.

"அண்ணி, கடையை மூடிடட்டுமா? எல்லாரும் வர்ற நேரம்."

"இரு, நான் ஒதுக்கிடறேன்."

முன்னறையில் ஈ மொய்த்தது. அவர் பாதியில் விட்ட சக்கையை இரண்டு கையாலும் அள்ளிக் கூடையில் போட்டாள். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரித்துப் பார்த்தாள். ஊதாப் பிசுக்கு.

அப்படியே நின்றாள்.

உள்ளே போய் மீட்டரைக் கொண்டுவந்து, அந்த விரலையே குத்தினாள். 371.

குழாயடியில் கையைத் தேய்த்துக் கழுவினாள். துண்டில் ஈரம் போகத் துடைத்தாள். அதே விரலைப் பிதுக்கி இன்னொரு சொட்டு எடுத்தாள். 103.

ஒதுக்கி வைத்த கிளாஸ் அங்கேயே இருந்தது, நிரம்பியபடி. வாசலில் வண்டி வந்து நின்றது.

"அண்ணி, வந்தாச்சு. இன்னுமா அதை நோண்டறீங்க?"

"கையைக் கழுவித் துடைச்சுட்டுக் குத்தினா சரியாக் காட்டுது தம்பி" என்றாள்.