வெளியே போனால் மட்டும் துள்ளும் கால்

என் இடது கால் வீட்டில் அசையவே அசையாது. காரில் ஏறினால் துள்ளும். மாதா கோயிலிலும் துள்ளும். மருத்துவர் கட்டிலில் கிடத்திப் பார்க்கும்போது மட்டும் மரக்கட்டை.

"டொக்டரைக் கண்டா உன்ர காலுக்கு வெக்கம், றூபன்," என்றார் அம்மா.

கூரை வேலையில் விழுந்ததிலிருந்து எனக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. போன மாரியில், ஓர் ஆய்வுக்காக, முள்ளந்தண்டில் காயப்பட்ட இடத்தில் குருத்தணுக்களைச் செலுத்தினார்கள். அறுந்த நரம்புகள் அவற்றால் மீண்டும் வளருமா? எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். அம்மாவுக்கோ ஏற்கெனவே தெரிந்துவிட்டது. அவர் சொல்லி, ரொறன்ரோவுக்குப் பக்கத்து நகரான அஜக்ஸில் இருக்கும் அன்புராசா மாமா நன்றிப் பூசைக்கே ஒழுங்கு செய்துவிட்டார்.

இன்றும் காரில் கால் துள்ளியது.

"பார், ஆட்டுறாய்!"

"அம்மா, இதை நான் ஆட்டேல்லை."

"பிறகு ஆர், நானோ?"

எத்தனையாவது தடவையோ, விளக்கினேன். 401 நெடுஞ்சாலை அடைபட்டால் அஜக்ஸ் கார் ரொறன்ரோவுக்கு வராது. ஆனால் அஜக்ஸுக்குள் சுற்றும். அதேபோல, காலில் ஏதாவது உறுத்தினால் செய்தி மூளைக்கு வராது. காயத்துக்குக் கீழே உள்ள நரம்புவரை போய், அங்கிருந்தே திரும்பிக் காலை உதறவைக்கும்.

"அப்ப கார் ஓடுதுதானே!"

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் நான் சொன்னதே என்னைப் பிடித்துக்கொண்டது. உறுத்தினால். வீட்டில் இல்லாத எது வெளியே உறுத்துகிறது? வீட்டுக்குள் நாங்கள் சப்பாத்துப் போடுவதில்லை. வெளியே கிளம்பும்போதுதான் அம்மா எனக்கு மாட்டிவிடுவார். மருத்துவரும் கழற்றச் சொல்லித்தான் பார்ப்பார்.

கையால் ஓட்டும்படி மாற்றிய என் காரை அஜின்கோர்ட்டில் ஒரு கடை வாசலில் நிறுத்தினேன்.

"என்ர சப்பாத்தையும் காலுறையையும் கழட்டுங்கோ."

"இப்ப என்னத்துக்கு?"

"கழட்டுங்கோ அம்மா!"

கழற்றினார். கால் அடங்கியது. அவருடைய ஒரு கை மட்டும் பொத்தியபடி இருந்தது. விரிக்கச் சொன்னேன். அந்தோனியார் பதக்கம். என் குதிக்காலில் அதே அளவில் சிவப்பாய் ஒரு வட்டம்.

"ஊசி போட்ட நாளிலயிருந்து காலுறைக்குள்ள வைக்கிறன். நோகிற இடத்துக்குக் கிட்ட இருக்கட்டும் எண்டு..."

"எனக்கு நோகாதே, அதுதானே வருத்தம்! தோல் வெடிச்சாலும் தெரியாது."

அம்மா அந்தச் சிவப்பைத் தடவினார். "அப்ப அந்த ஊசி...?"

"வேலை செய்யுதோ எண்டு இன்னும் தெரியாது."

"பூசை இப்ப வேண்டாமெண்டு மாமாவுக்கு நீயே சொல்லு," என்றார்.

இப்போது பதக்கம் என் கழுத்தில், உணர்ச்சி உள்ள இடத்தில், தொங்குகிறது. காலுறையையும் சப்பாத்தையும் உதறிப் பார்த்த பிறகே அம்மா மாட்டுகிறார். கால் காரில் துள்ளுவதில்லை.